அவள் சொன்ன அளவு

திண்டுக்கல்
11-9-1961

அன்புள்ள மாப்பிள்ளை காத்தமுத்துவுக்கு,

ராமர் எழுதுவது. வைத்தியத்துக்காக வந்த மகள் பேச்சாயி என்னோடு இங்கே சுகமாக இருக்கிறாள் என்று எழுதத் தொடங்கினேன். அது உண்மையல்ல என்பதால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். மாத வலி வந்து நேற்றுத்தான் தணிந்தது. இன்று கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை மதுரை ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டும். டாக்டர் தாஹிரா இரண்டு வகை ஆபரேஷனையும் சொல்லி முடிப்பதற்குள் நீங்கள், "எல்லாத்தையும் எடுத்துருங்கம்மா" என்றீர்கள். பேச்சாயி, "எடுக்கக் கூடாது" என்றாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. நீங்கள் எழுந்து வெளியே போனீர்கள். டீ குடிக்கப் போயிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒட்டன்சத்திரம் பஸ்ஸே ஏறிவிட்டீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

குற்றம் சொல்ல எழுதவில்லை. நீங்கள் என் அக்காள் மகன், இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அப்படியிருந்தும் நேரில் வந்தால் எனக்கு வாய் எழாது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன்களிடம் மட்டும்தான் பேசப் பழகியிருக்கிறேன். ஆகையால் நீங்கள் கேட்காமல் போனதைக் காகிதத்தில் எழுதுகிறேன்.

கர்ப்பப்பையின் உள்பக்கம் ஒரு சவ்வு உண்டு. மாதாமாதம் உதிர்ந்து வெளியேறுவது அதுதான். அதைப் போன்ற சவ்வு பேச்சாயிக்குக் கர்ப்பப்பைக்கு வெளியிலும், முட்டை உண்டாகும் சினைப்பைகளின் மேலும் வளர்ந்திருப்பதாக டாக்டர் நினைக்கிறார். அதுவும் மாதாமாதம் இரத்தம் விடுகிறது. வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கிப் பழுப்பு நிறத்தில் கட்டியாகிறது. பக்கத்தில் உள்ள கருக்குழாய், குடல் எல்லாவற்றையும் பசை தடவியதுபோல் ஒட்டவைக்கிறது. வலிக்கு அதுதான் காரணம். ஆறு வருஷமாகப் பிள்ளை இல்லாததற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். அவள் தின்றதாலோ சுமந்ததாலோ வந்ததல்ல. ஒரு தகப்பன் வாய்விட்டுக் கேட்கக் கூடிய கேள்விகள் அல்ல இவை. அதனால் தாளில் எழுதி நீட்டினேன். டாக்டர் சிரிக்காமல் வாசித்துவிட்டு, வராந்தா முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னார். எனக்கு வேர்த்துவிட்டது.

கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் வலி அநேகமாக நின்றுவிடும். பிள்ளை என்ற பேச்சும் அதோடு நிற்கும். அவளுக்கு இருபத்தாறு வயதுதான். உடம்பு ஐம்பது வயதுக்காரியின் உடம்பு மாதிரி ஆகிவிடும் என்றும் சொன்னார். மற்றொரு வழி, கட்டியை மட்டும் உரித்தெடுத்து, ஒட்டியதைப் பிரித்துவிட்டு, நல்ல பாகத்தை விட்டுவைப்பது. அப்படிச் செய்த பத்துப் பேரில் நான்கு பேருக்குப் பிள்ளை பிறக்கலாம். ஒட்டல் மோசமாக இருந்தால் இரண்டு பேருக்கு. சிலருக்கு நோய் திரும்ப வரும், மறுபடி வயிற்றைத் திறக்க நேரும். வலி நரம்பை மட்டும் வெட்டிவிடும் முறையும் இருக்கிறதாம். அது நோயைத் தொடாது. சீமையில் புதிதாக மாத்திரை வந்திருக்கிறதாம், இங்கே கிடைக்கவில்லை.

எது செய்வதானாலும் உங்கள் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். பேச்சாயி இரண்டாவது வழியைத்தான் கேட்கிறாள். உங்கள் மனதில் இருப்பதை எழுதுங்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அன்புள்ள,
ராமர்

*

ஒட்டன்சத்திரம்
16-9-61

மாமா அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. மண்டியில் தக்காளி வந்து குவிந்து கிடக்கிறது. கேரளா லோடு ஏற்றிவிட்டு நானும் லாரியில் போய்த் திரும்பினேன். அதனால் தாமதம்.

உங்கள் மகள் டாக்டருக்கு முன்னால் என் பேச்சை வெட்டினாள். அதற்காகக் கோபப்பட்டு வந்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். அது கொஞ்சம் உண்மை. மீதியையும் சொல்கிறேன்.

போன மாசி மாதம் அவளை லாரி முன்சீட்டில் படுக்கவைத்துப் பழனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி பூராவும் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்த இடம் புண்ணாகி ஆறப் பத்து நாள் ஆனது. அங்கே, "பொம்பளைக வலிதானே" என்று ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள். அவளோடு மாதாமாதம் வீட்டில் இருப்பவன் நான். நீங்கள் பார்ப்பது இந்த இரண்டு மாதம்தான்.

என் தம்பி மலைச்சாமிக்குக் குடல்வால் ஆபரேஷன் செய்தது உங்களுக்குத் தெரியும். நன்றாக எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டான். சீழ் கட்டிவிட்டது, மறுபடி திறக்க வேண்டும் என்றார்கள். நானும் சரி என்று கைநாட்டு வைக்கிறமாதிரி கையெழுத்துப் போட்டேன். இரண்டாம் தடவை உள்ளே போனவன் கண் முழிக்கவில்லை. ஆகவே கத்தி ஒரே தடவைதான். மறுபடி திறக்க நேரும் என்று டாக்டரே சொல்கிற வைத்தியத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பிள்ளை வேண்டும் என்று நான் கேட்டேனா? அம்மாதான் போகிற கோவில் மரத்திலெல்லாம் தொட்டில் கட்டுகிறது. கர்ப்பப்பையே இல்லை என்றால் அம்மாவும் வாயை மூடும், ஊரும் மூடும். இவளும் நிம்மதியாக இருப்பாள். எல்லாவற்றையும் எடுப்பதென்றால் நாளைக்கே வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
காத்தமுத்து

*

திண்டுக்கல்
24-9-1961

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். மலைச்சாமியைப் பற்றி நான் நினைக்காமல் போனது என் தவறு. உங்கள் பயத்தைக் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் ஒன்று தோன்றியது. நீங்கள் அவள் நிம்மதியாக இருப்பாள் என்கிறீர்கள். டாக்டர் ஒன்று சொல்கிறார். அக்காள் ஒன்று சொல்கிறது. நானும் தாளில் எழுதி எழுதிப் பார்க்கிறேன். ஏன் எடுக்கக் கூடாது என்று பேச்சாயியிடம் யாரும் கேட்கவில்லை. நானும்தான். அவள் அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பாள். பெண் வயதுக்கு வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அந்தப் பேச்சு என் காதுக்கு வராமல் பார்த்துக்கொண்டார்கள். நானும் அதைத் தகப்பனின் மரியாதை என்று எண்ணியிருந்தேன்.

நேற்றுப் பக்கத்து வீட்டுச் செபாஸ்தியம்மாள் வந்து அவளோடு சமையற்கட்டில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் கூடத்தில் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டேன். முகத்தைப் பார்த்தால் கேட்டிருக்க மாட்டேன்.

"தாயி, ஆபரேஷன்ல எதை எடுக்கணும், எதை விடணும்னு உனக்கு என்ன தோணுது?"

அவரைக்காய் நறுக்கும் சத்தம் நின்றது. பிறகு செபாஸ்தியம்மாள், "ஏன் வாத்தியாரே, சொவரு என்ன சொல்லுது?" என்றார். பேச்சாயி சிரித்துவிட்டாள். இந்த இரண்டு மாதமாக அவள் சிரித்து நான் கேட்கவில்லை.

பிறகு சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"பிள்ளை பொறந்துரும்னு நான் சொல்லலைய்யா. பத்துல நாலு பேருக்குத்தான்னா நான் அந்த ஆறு பேருல ஒருத்தியா இருந்துட்டுப் போறேன். பொறக்காமப் போனா அது தானாப் போகட்டும். நானே வாயால 'எடுத்துரு'ன்னு சொல்ல மாட்டேன். அவுக பயந்துக்கிட்டுச் சொல்றாக. அத்தை ஆசைப்பட்டுச் சொல்லுது. வலி எனக்குத்தானே? இன்னும் எம்புட்டுத் தாங்கலாம்னு எனக்குத்தானே தெரியும்?"

"அது திரும்பி வந்தா?" என்றேன்.

"வந்தா அப்ப எல்லாத்தையும் எடுங்க. அன்னிக்கு நானே சொல்றேன். இப்ப இல்லை."

செபாஸ்தியம்மாள், "எழுதிக்கிட்டீகளா வாத்தியாரே? ஒரு வரியும் விட்டுறாதீக" என்றார். அவர் கேலி செய்தாரா, உண்மையாகவே சொன்னாரா என்பது எனக்குப் புலப்படவில்லை. ஆனால் ஒரு வரியும் விடவில்லை.

தீபாவளி கழித்து, நவம்பர் இருபதாம் தேதி படுக்கை தருவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்குள் நீங்கள் யோசிக்க வேண்டும். நான் வற்புறுத்துவதாக எண்ண வேண்டாம்.

ராமர்

*

ஒட்டன்சத்திரம்
9-10-61

மாமா அவர்களுக்கு,

யோசித்தேன். என் எண்ணம் மாறவில்லை. திரும்ப வராது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுப்பார்களா? கொடுக்க மாட்டார்கள். பத்துக்கு நாலு என்று யார் சொன்னாலும் நான் மண்டியில் ஒரு கூடை கத்தரிக்காய்கூட வாங்க மாட்டேன். ஆனால் அவள் சிரித்தாள் என்று எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

லாரி டிரைவர் கருப்பணனிடம் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவளுக்கு வெங்காயக் குழம்பு பிடிக்கும்.

ஒரு முக்கிய விசயம். கந்த சஷ்டிக்கு அங்கே வந்து பேச்சாயியை விரதம் இருக்கவைப்பேன் என்று அம்மா நிற்கிறது. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டுக்கு வந்து நின்றால் நீங்களும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவள் உடம்பு பட்டினி தாங்காது. அம்மா நான் சொன்னால் கேட்காது. நீங்கள் தம்பி, நீங்கள் சொன்னால் ஒருவேளை கேட்கும்.

காத்தமுத்து

*

திண்டுக்கல்
22-11-1961

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆபரேஷன் நடக்கவில்லை. காரணம் நான்.

அக்காள் தீபாவளிக்கு மறுநாளே வந்து இறங்கியது. கையில் பழனி விபூதி, ஒரு சிறு பொட்டலம் மிளகு. "ஏலே ராமரு, ஆறு நாளும் வெறும் மிளகும் தண்ணியும்தான். நானும் இவ கூடவே இருக்கேன். கத்தி வைக்கிறதுக்கு முன்னால முருகனுக்கு ஒரு வாய்ப்புக் குடுக்க வேண்டாமா?" என்றது. நீங்கள் எழுதியிருந்தது எனக்கு நினைவில் இருந்தது. 'வேண்டாம் அக்கா' என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அறுபத்திரண்டு வயதாகிறது எனக்கு. அக்காளுக்கு முன்னால் இன்னும் அரைக்கால் சட்டைப் பையன்தான். "உடம்பு தாங்குமா" என்று மட்டும் முனகினேன். "தாங்காமப் போகுமா?" என்றது அக்காள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பேச்சாயி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. அவள் மிளகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அக்காளும் தன் அறுபத்தெட்டு வயதில் ஆறு நாளும் பச்சைத் தண்ணீரோடுதான் கிடந்தது. அது வேஷம் இல்லை. நாலாம் நாள் பேச்சாயிக்கு மாத வலியும் இரத்தப் போக்கும் தொடங்கிவிட்டன. அப்போதும் விரதத்தை முறிக்கக் கூடாது என்று இருவருமே இருந்தார்கள்.

இருபதாம் தேதி ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தார்கள். பாதிதான் இருக்கிறது. டாக்டர் தாஹிரா அவள் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "யாரு பட்டினி போட்டது?" என்றார். "இந்த உடம்புல மயக்க மருந்து குடுத்தா நான் டாக்டர் இல்லை, கொலைகாரி. கூட்டிட்டுப் போங்க. ஈரல் ஊசி போடுங்க, கீரையும் முட்டையும் குடுங்க. டிசம்பர் பதினெட்டு வாங்க. அப்பவும் மிளகைத் தின்னுட்டு வந்தா நான் பார்க்க மாட்டேன்." செபாஸ்தியம்மாள்தான் கூட வந்திருந்தார். பஸ்ஸில் என்னோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பேச்சாயி வீட்டுக்கு வந்து தானே அடுப்பை மூட்டி இரண்டு முட்டை அவித்துச் சாப்பிட்டாள்.

நீங்கள் எச்சரித்தும் நான் சொல்லாமல் விட்டேன். வேறு எழுத எனக்குத் தெரியவில்லை.

ராமர்

*

ஒட்டன்சத்திரம்
25-11-61

மாமா,

ஒரு வார்த்தை சொல்லத்தானே எழுதினேன். ஒரே ஒரு வார்த்தை.

அம்மாவிடம் சண்டை போட்டாகிவிட்டது. அது மூலையில் உட்கார்ந்து அழுகிறது. அதற்கும் நான்தான் சோறு ஊட்ட வேண்டியிருக்கிறது.

இனி உங்கள் வீட்டில் அவள் இருக்க வேண்டாம். டிசம்பர் இரண்டாம் தேதி சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். கோயமுத்தூரில் ஒரு டாக்டர் இருக்கிறாராம். அங்கே எல்லாவற்றையும் எடுத்து ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று மண்டியில் சொன்னார்கள். புருஷன் கையெழுத்துப் போட்டால் போதுமாம், பெண்பிள்ளையை யாரும் கேட்பதில்லையாம். துணிமணிகளை எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

காத்தமுத்து

*

திண்டுக்கல்
29-11-1961

மாப்பிள்ளை காத்தமுத்துவுக்கு,

அனுப்ப மாட்டேன்.

இதை முதல் வரியில் எழுதிவிட வேண்டும் என்று எழுதினேன். கீழே போய்ச் சேர்ந்தால் நான் வழக்கம்போல் சுற்றி வளைத்துவிடுவேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே மதுரைக்குத் தனியாகப் போனேன். டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த வெளி பெஞ்சில் எல்லாப் பெண்களுக்கும் நடுவில் நான் ஒருவன்தான் ஆண். ஒருத்தி, "தாத்தா, உங்களுக்கு எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எழுந்து போய்விடவில்லை. உள்ளே போய், தாள் எதுவும் நீட்டாமல் வாயாலேயே கேட்டேன். "அம்மா, எம் மகளுக்கு வயசு இருபத்தாறு. அவ கையெழுத்து மட்டும் இருந்தா நீங்க ஆபரேஷன் செய்வீகளா, மாட்டீகளா?"

டாக்டர் சொன்னார்: "புருஷன் கையெழுத்து வாங்குறது எங்க வழக்கம். உடம்பு அவளோடது. அவ போட்டா எனக்குப் போதும். கூட நெருங்கின சொந்தம் ஒருத்தர் சாட்சி போடணும். நாளைக்கு யாராவது சண்டைக்கு வந்தா நிக்கணும். நீங்க நிப்பீங்களா?"

நிற்பேன் என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இரண்டாம் முறை சத்தமாகச் சொன்னேன்.

ஆகவே பதினெட்டாம் தேதி பேச்சாயி கையெழுத்துப் போடுவாள். அவளுக்குக் கீழே நான் போடுவேன். எதை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று இருபதாம் தேதி பரிசோதனையின்போதே டாக்டரிடம் அவளே பேசி முடித்துவிட்டாள். கெட்டுப்போன சினைப்பை ஒன்று இருந்தால் எடுக்கலாம். மற்றதில் நல்ல பாகம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் விட வேண்டும். கர்ப்பப்பையை எடுக்கக் கூடாது. உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும் டாக்டர் தன் முடிவுப்படி செய்யலாம்.

அக்காளுக்கும் தனியாக ஒரு கார்டு போட்டிருக்கிறேன். ஆபரேஷன் முடியும்வரை இங்கே வர வேண்டாம் என்று. கார்டு என்பதால் தபால்காரரும் படித்திருப்பார், ஊரும் படித்திருக்கும். இருக்கட்டும்.

சனிக்கிழமை நீங்கள் வரலாம். இது உங்கள் வீடுதான். அவளைக் கூட்டிப்போக வர வேண்டாம், அவளிடம் பேச வாருங்கள். என்னிடம் எழுதியதையெல்லாம், மலைச்சாமியைப் பற்றி எழுதியதைக்கூட, அவளிடம் நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை என்று அறிகிறேன். நான் அந்தக் கடிதத்தை அவளுக்குக் காட்டவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. ஆபரேஷனுக்கு ஒரு பாட்டில் இரத்தம் வேண்டுமாம், கூடக் கிடைத்தால் நல்லதாம். என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். டாக்டர் என் வயதைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கே நான் ஒரு பாட்டில் ஏத்தணும்போல இருக்கு" என்றார். என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், காலம் முழுவதும்கூட இருக்கட்டும். இரத்தம் கொடுக்க வாருங்கள்.

ராமர்

*

மதுரை
20-12-61

மாமா அவர்களுக்கு வணக்கம்.

முதலில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? என் கையிலிருந்து பாட்டிலில் இரத்தம் இறங்குவதைப் பார்த்து நீங்கள் பொத்தென்று விழுந்ததை நர்சம்மாக்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சூசைமாணிக்கம் அண்ணன் உங்களைப் பத்திரமாக வீடு சேர்த்துவிட்டதாக அவர் சம்சாரம் செபாஸ்தியம்மாள் சொன்னார்கள். அவர்கள் வார்டில் பேச்சாயியோடு இருக்கிறார்கள். ஆம்பிளைகளைச் சாயங்காலம் மட்டும் விடுகிறார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சத்திரத்தில் இருந்துகொண்டு எழுதுகிறேன்.

உயிரோடு நன்றாக இருக்கிறாள். நேற்றுக் காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உட்காரச் சொன்னார்கள். உட்கார முடியவில்லை.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்து ஒரு நர்சம்மா வந்தார்கள். முகத்தில் துணி. என்னைப் பார்த்து, "பேச்சாயி வீட்டுக்காரர் நீங்கதானே? இடது பக்கம் பூராவும் கட்டி. எடுத்தாச்சு. வலது பக்கமும் முக்கால்வாசி கெட்டுருக்கு. குடலும் ஒட்டிக்கிடக்கு. எல்லாத்தையும் எடுத்துட்டா சீக்கிரம் முடிஞ்சிரும், வலியும் திரும்ப வராது. விட்டுவைக்கணும்னா ஒவ்வொண்ணாப் பிரிக்கணும், நேரமாகும். அவ சொன்னது இருக்கு, ஆனாலும் நேரம் கூடுறதால டாக்டரம்மா உங்களையும் கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றார்கள்.

மாமா, நான் செப்டம்பர் மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எனக்கு மலைச்சாமி ஞாபகம் வந்தது. அன்றைக்கும் இதே மாதிரி ஒரு கதவு. சரி என்று சொல்ல வாய் வந்தது.

அன்றைக்குச் சனிக்கிழமை உங்கள் வீட்டில் மலைச்சாமியைப் பற்றி அவளிடம் சொன்னேன். நீங்கள் கடைக்குப் போய்விட்டீர்கள், வேண்டுமென்றே போனீர்கள் என்று எனக்குத் தெரியும். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி செத்ததுக்கு நீங்க காரணம் இல்லை. ஆனா எனக்கும் சேர்த்துப் பயப்படாதீங்க. எனக்கு வேண்டிய பயம் எங்கிட்டயே இருக்கு" என்றாள். நான் அவளைக் கூட்டிப்போகவில்லை.

நர்சம்மாவிடம், "ஏனுங்கம்மா, உசுருக்கு ஆபத்துங்களா?" என்று கேட்டேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "இல்லை, நாடி நல்லா இருக்கு. நேரந்தான் கூடும்" என்றார்கள்.

"அப்ப அவ சொன்ன அளவுக்கு மட்டும் எடுங்க. அதுக்கு மேல வேண்டாமுங்க" என்றேன்.

கதவு சாத்திக்கொண்டது. அதற்கப்புறம் நான் நின்ற நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று ஓடிப்போய்க் கதவைத் தட்ட இரண்டு தடவை கை ஓங்கினேன். தட்டவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்து முகத்துணியை அவிழ்த்தார்கள். "எடதை எடுத்துட்டேன். வலதுல ஒரு பாகம் நல்லா இருக்கு, புளியங்கொட்டை அளவு. குழாய் ஒண்ணு திறந்திருக்கு. கர்ப்பப்பையைத் தொடலை. உம் பொண்டாட்டி கேட்டதுல ஒண்ணும் குறைக்கலை" என்றார்கள். நான் காலில் விழப்போனேன். "போய்யா, போய் எதையாவது தின்னு, நேத்துத்தானே ரத்தம் குடுத்த" என்றார்கள்.

இன்றைக்குச் சாயங்காலம்தான் பேச்சாயி சரியாகப் பேசினாள். முதல் கேள்வியே, "என்ன விட்டு வச்சிருக்காக?" நான் சொன்னேன். புளியங்கொட்டை அளவு என்றதும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். "நெசமா அம்புட்டு இருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன்.

பிறகு, "மறுபடி வலி வந்தா நான் கத்துவேன். நீங்க மண்டிக்கு ஓடிறக் கூடாது" என்றாள்.

"ஓட மாட்டேன்."

"லாரியிலயும் ஏறக் கூடாது."

செபாஸ்தியம்மாள், "கால்ல கயிறு கட்டிப் போடு தாயி" என்றார்கள். பக்கத்துக் கட்டில்காரி சிரித்து, அவளுக்குத் தையல் இழுத்து, நர்சம்மா வந்து எங்கள் எல்லோரையும் ஏசினார்கள்.

வருத்தம் ஒன்று இருக்கிறது. அந்தக் கடிதத்தில், பெண்பிள்ளையை யாரும் கேட்பதில்லை என்று எழுதியிருந்தேன். அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

காத்தமுத்து

*

திண்டுக்கல்
11-1-1962

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பேச்சாயி உங்களோடு ஒட்டன்சத்திரம் வந்து ஒரு வாரம் ஆகிறது. தையல் ஆறி நடமாடுகிறாள் என்று அறிந்து சந்தோஷம். குடம் தூக்கவிட வேண்டாம்.

நேற்று மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்தேன். எடுத்த கட்டியைச் சோதித்த முடிவு வந்துவிட்டது. டாக்டர் நினைத்த நோய்தான், வேறு பயப்படும்படி ஒன்றும் இல்லை. திரும்ப வராது என்று இப்போதும் அவர் சொல்லவில்லை. நானும் உங்களுக்குச் சொல்லவில்லை. நாலு என்றது இப்போது இரண்டாகக் குறைந்திருக்கலாம், சரியாக யாராலும் சொல்ல முடியாது என்றார். கணக்கு வாத்தியாரான எனக்கு அது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. பேச்சாயிக்கு இருக்காது என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து வந்தால் வீட்டு வாசலில் அக்காள் உட்கார்ந்திருக்கிறது. கார்டு போட்டதற்கு என்னை ஏசிவிட்டுக் கடைசியில், "அம்புட்டையும் அறுத்துப் போட்டுட்டாக, மிச்சம் இருக்கிற துண்டுல என்ன விளையப்போகுது? எம் மகனுக்கு வேற எடம் பாத்தா என்ன?" என்றது. நான் நாற்காலியை அக்காளுக்கு நேரே போட்டு உட்கார்ந்தேன்.

"அக்கா, அந்தப் பேச்சை இந்த வீட்டுல பேசக் கூடாது. உன் மகன் வீட்டுலயும் பேசக் கூடாது" என்றேன்.

"ஏலே, எனக்கா சொல்ற?"

"உனக்குத்தான் சொல்றேன். பிள்ளை பொறந்தாப் பொறக்கும், பொறக்காட்டி இல்லை. பேச்சாயிதான் அங்க மருமக."

அக்காள் என்னை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு, "சாப்டியா?" என்று கேட்டது. இல்லை என்றேன். எழுந்து போய்ச் சோறாக்கியது. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் ஒன்றுமில்லை என்று அதற்கும் ஏசியது. முருகனிடம் அக்காள் இன்னும் வேண்டிக்கொள்ளத்தான் செய்யும், அதைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. பட்டினி போடாது.

டாக்டர் சொன்ன இன்னொன்றையும் எழுத வேண்டும். மாமனார் மாப்பிள்ளைக்கு எழுதும் விஷயம் அல்ல. ஆனாலும் வேறு யார் எழுதுவார்கள்?

ஆபரேஷனுக்குப் பிறகு வரும் இரண்டு வருஷம்தான் நல்ல காலமாம். அதற்குப் பிறகு அந்தச் சவ்வு மெல்ல மெல்லத் திரும்ப வளரக்கூடும். தையல் நன்றாக ஆற இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டும், அதற்குப் பிறகு காலத்தை வீணாக்கக் கூடாது என்றார். "மாப்பிள்ளை மாசத்துல எத்தனை நாள் வீட்டுல இருப்பாரு?" என்று கேட்டார். பாதி நாள் லோடோடு கேரளா போவார் என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அஞ்சு மணி நேரம் நின்னு குனிஞ்சு ஒவ்வொரு ஒட்டலா நான் பிரிச்சேன். அவரு அங்க முருங்கைக்காய் வித்துட்டு இருந்தா நான் என்ன செய்ய முடியும்?" என்றார். வராந்தாவில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் கேட்டது. எனக்கு இப்போது வேர்க்கவில்லை.

மாப்பிள்ளை, இனிக் கருப்பணன் லோடு கொண்டுபோகட்டும். மாசி பிறந்தபின் நீங்கள் வீட்டில் இருங்கள்.

அன்புள்ள,
ராமர்